இருளில் உதவும் இருவர்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. மின்சாரத்தின் அருமையோ அது நின்ற பிறகுதான் தெரிகிறது. அந்த வேளையில் நம் இல்லங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் துணை வருபவை இரண்டு. ஒன்று, மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருந்து கொடுக்கும் சேமக்கலம். நாம் பேட்டரி என்று வழங்குவது. மற்றொன்று, எண்ணெயை எரித்து அப்போதைக்கப்போது மின்சாரம் ஆக்கித் தரும் ஜெனரேட்டர். இவற்றுள் எது சிறந்தது என்ற வினா பல வீடுகளில் எழுகிறது. இவ்விரண்டின் இயல்பையும், பயனையும், இவற்றால் நேரக்கூடிய தீங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

நமது மாவட்டமும் மின்சாரமும்

நமது திருவள்ளூர் மாவட்டம் மின்சாரத்தை ஆக்கும் மாவட்டம். கடலோரத்தில் அத்திப்பட்டுப் பகுதியில் வட சென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. அதனை அடுத்த வள்ளூரில், ஒவ்வொன்றும் 500 மெகாவாட் ஆற்றலுடைய மூன்று இயந்திரங்களைக் கொண்ட மற்றோர் அனல்மின் நிலையம் உள்ளது. மின்சாரத்தை உண்ணும் மாவட்டமும் இதுவே. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும் இரவு பகல் பாராமல் இயங்குகின்றன.

ஆயினும், மின்நிலையம் அருகில் இருப்பதனால் மட்டும் வீட்டில் விளக்கு எரிந்துவிடாது. இடையில் கம்பியும் கம்பமும் நிலைத்து நிற்க வேண்டும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் ஆகிய மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த பெருமழையின்போதும் தேங்கிய நீரினால் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது.

இவை புயல் தந்த இருள். பற்றாக்குறை தந்த இருளையும் நம் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் தேவைக்கேற்ற மின்சாரம் இல்லை. 2012இல் சென்னை நகரில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, மற்ற மாவட்டங்களில் அது பத்து மணி நேரத்தையும் தாண்டியது. இன்வர்ட்டர் என்ற சொல் நடுத்தரக் குடும்பங்களில் நன்கு வழங்கத் தொடங்கியது அக்காலத்தில்தான். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், ரெய்ச்சூர், சோலாப்பூர் நகரங்களுக்கு இடைப்பட்ட உயர் அழுத்த மின்பாதையின் வழியே தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கப்பட்டது. புதிய மின்நிலையங்களும் வந்தன. பற்றாக்குறை படிப்படியாகத் தணிந்தது.

ஆகவே இருளிலும் இருவகை உண்டு: சில மணி நேரத்தில் நீங்கும் குறுகிய இருள், நாள்கணக்கில் நீளும் நெடிய இருள். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் கொண்டால், பேட்டரியா ஜெனரேட்டரா என்ற வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சேமக்கலம் செயல்படும் விதம்

பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே என்பவர் 1859ஆம் ஆண்டில் ஈய-அமிலச் சேமக்கலத்தை அமைத்தார். இன்று நம் வீடுகளில் இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கனத்த பெட்டி அதன் வழித்தோன்றலே. அதனுள் ஈயத் தகடுகளும் ஈய ஈராக்ஸைடு பூசிய தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன. மின்சாரம் இருக்கும்போது அதனைச் செலுத்தினால் தகடுகளில் வேதிமாற்றம் நிகழ்கிறது. மின்சாரம் நின்றதும் அந்த மாற்றம் எதிர்த்திசையில் நடந்து, பெற்ற ஆற்றலைத் திருப்பித் தருகிறது. ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும்.

பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். நம் மின்விசிறிக்கு வேண்டியதோ மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கருவியே இன்வர்ட்டர். மின்சாரம் நின்ற ஒரு நொடிக்குள் அது வேலையைத் தொடங்கிவிடும். ஓசையில்லை, புகையில்லை, கயிற்றை இழுத்து இயக்க வேண்டியதில்லை. ஆனால் பேட்டரி தானாக எதையும் ஆக்குவதில்லை. உண்டியலில் போட்ட காசுதான் உண்டியலிலிருந்து வரும். சேர்த்தது தீர்ந்ததும் மறுபடி மின்சாரம் வரும்வரை அது வெறும் பெட்டிதான்.

ஜெனரேட்டர் செயல்படும் விதம்

காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்ற உண்மைக்கு அடிகோலியவர் மைக்கேல் ஃபாரடே, ஆண்டு 1831. அந்தச் சுழற்சிக்கு ஓர் எஞ்சின் வேண்டும். ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சின் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. சிறிய ஜெனரேட்டர்கள் பெட்ரோலிலும், பெரியவை டீசலிலும் இயங்குகின்றன.

ஜெனரேட்டரின் பெருஞ்சிறப்பு, எண்ணெய் ஊற்ற ஊற்ற அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதே. நீர் இறைக்கும் மோட்டார், மாவு அரைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்ற கனத்த சுமைகளையும் அது தாங்கும். அதன் குறை, எரிந்த எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவும் புகையாகவும் ஓசையாகவும் வீணாவதாகும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் அளவுக்கு ஆற்றல் அடங்கியுள்ளது. சிறிய ஜெனரேட்டரிலிருந்து நமக்குக் கிடைப்பது 3 யூனிட் அளவே.

அளந்து பார்ப்போம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு சிறிய வீட்டின் தேவையை அளந்து பார்ப்போம். 9 வாட் விளக்குகள் நான்கு, 75 வாட் மின்விசிறிகள் இரண்டு, கைப்பேசிக்கு மின்னேற்றம் முதலிய சிறு தேவைகள். எல்லாம் சேர்ந்து 200 வாட் என்று கொள்வோம். பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குவோம். 1800 வாட்-மணி வரும். ஆனால் பேட்டரியை அடிமுட்ட வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஐந்தில் நான்கு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். இன்வர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 1150 வாட்-மணி. இதனை 200ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரம். இரவு உணவு முடிந்து, பாடம் படித்து, உறங்கி நள்ளிரவைத் தாண்ட இது போதும்.

இனி இதே வீட்டில் மின்விசிறிகளை மட்டும் 30 வாட் அளவில் சுழலும் புதுவகை விசிறிகளாக மாற்றினால் சுமை 110 வாட்டாகக் குறையும். அதே பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிடச் செலவு குறைந்த வழி, தேவையைச் சுருக்குவதே என்பது இதனால் விளங்கும்.

செலவுக் கணக்கையும் போடுவோம். ஒரு பேட்டரியின் விலை 15,000 ரூபாய், ஆயுள் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றால், ஐந்தாண்டில் அது தருவது 365 யூனிட். யூனிட் ஒன்றுக்குப் பேட்டரிச் செலவு 41 ரூபாய். நாள்தோறும் இரண்டு மணி நேரம் நின்றால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 20 ரூபாய். இதனுடன் மின்னேற்றத்துக்கான கட்டணமும் சேரும். ஒரு யூனிட்டை எடுக்க ஏறத்தாழ ஒன்றரை யூனிட் செலுத்த வேண்டும். ஜெனரேட்டருக்கு எண்ணெய்ச் செலவு மட்டும், 2024ஆம் ஆண்டின் சென்னை டீசல் விலையான 92 ரூபாயை வைத்துப் பார்த்தால், யூனிட்டுக்கு 30 ரூபாய். இயந்திரத்தின் விலையும் பழுதுபார்க்கும் செலவும் தனி. அதிலும் பெரிய இயந்திரத்தை இரண்டு விளக்குக்காக ஓட்டினால் செலவு இன்னும் ஏறும். சுமை குறைந்தாலும் எஞ்சின் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே எண்ணெய் குடிக்கும்.

ஆகவே, அடிக்கடி வரும் குறுகிய மின்தடைக்கும் சிறிய சுமைக்கும் பேட்டரியே ஏற்றது. நெடிய இருளுக்கும் பெரிய சுமைக்கும் ஜெனரேட்டர் ஏற்றது. வர்தா போன்ற புயலில் இரண்டாம் நாளே பேட்டரி வற்றிவிடும். அப்போது தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தாலும், அதனைக்கொண்டு மேல்தொட்டிக்கு நீர் ஏற்றலாம். அதே ஒரு மணி நேரத்தில் அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகளுக்கும் மின்னேற்றம் செய்யலாம்.

ஆலைகளில் நிலை என்ன?

கும்மிடிப்பூண்டி ஆலைகளின் தேவை முற்றிலும் வேறு. மின்தூண்டல் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் வேண்டும். நாம் மேலே கண்ட வீட்டுப் பேட்டரி தருவதோ ஒரு யூனிட்டும் சற்று மிகுதியும். அப்படியானால் ஒரே ஒரு டன் இரும்புக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேட்டரிகள்! எனவே உலையை முழுதும் இயக்குவதற்காகப் பேட்டரி வைப்பதில்லை.

ஆனால் உலை நிறைய உருகிய இரும்பு இருக்கும்போது மின்சாரம் நின்றால் வேறொரு கவலை எழுகிறது. உலையைச் சுற்றியுள்ள செப்புச் சுருளைக் குளிர்விக்கும் நீரோட்டம் நிற்கக் கூடாது. நின்றால் சுருள் பழுதாகி, தொழிலாளரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். இதற்காக உயரத்தில் தொட்டி நீரையும், டீசல் பம்பு அல்லது ஜெனரேட்டரையும் ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஜெனரேட்டர் முழு வேகம் பெறச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில் கணினிகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் அவசர விளக்குகளையும் தாங்குவது பேட்டரி. அதுமட்டுமன்று, டீசல் எஞ்சினை முதன்முதலில் சுழற்றித் தூக்கத்திலிருந்து எழுப்புவதே அதனோடு இணைந்த ஒரு பேட்டரிதான்! ஆக இவ்விரண்டும் பகைவர் அல்லர். அக்காளும் தங்கையும் போல ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடர்கிறது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

உதவ வந்தவை உயிரைப் பறித்துவிடக் கூடாது. ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலிமையாக இணைந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, படிக்கட்டின் அடியிலோ, மூடிய தாழ்வாரத்திலோ வைத்து இயக்கவே கூடாது. சன்னல்களிலிருந்து இருபது அடியாவது தள்ளித் திறந்த வெளியில் வைக்க வேண்டும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. நம் நாட்டிலும் ஜெனரேட்டர் புகைக்கான கடுமையான புதிய வரையறைகள் 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் செருகு துளையில் நேராகச் செருகிவிட்டால், மின்சாரம் நம் வீட்டோடு நில்லாமல் தெருக்கம்பிக்கும் திரும்பிப் பாயும். புயலுக்குப் பின் கம்பத்தின் மேல் ஏறி நமக்காக உழைக்கும் மின்வாரியத் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடுவார். வர்தா புயலின்போது வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தொழிலாளர்கள் வந்து நம் பகுதியில் பணியாற்றினார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் காத்திருக்கிறார்கள் அன்றோ? இரு மின்வழிகளையும் ஒன்றோடொன்று சேரவிடாத மாற்றுச் சுவிட்சை, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவது நம் கடமை.

பேட்டரியிலும் ஆபத்து உண்டு. மின்னேற்றம் பெறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது எளிதில் தீப்பற்றி வெடிக்கும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். சுரூபங்களுக்கு முன் மெழுகுதிரி ஏற்றும் இடத்துக்கு அருகிலோ, அடுப்படியிலோ வைக்கலாகாது. குறையும் நீரை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் உடனே ஏராளமான நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பழைய பேட்டரி எங்கே போகிறது?

இப்போது நாம் மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். ஜெனரேட்டரின் தீங்கை மூக்கு அறியும், காது அறியும். பேட்டரியோ நம் வீட்டில் இருக்கும்வரை அமைதியான விருந்தாளி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். நான்கைந்து ஆண்டுகளில் அது செயலிழந்ததும் நாம் அதனை வெளியே அனுப்புகிறோம். அங்கிருந்துதான் வேறு யாருடைய துன்பமோ தொடங்கக்கூடும்.

முறையான ஆலையில், புகைவடிகட்டிகளோடு ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரியாக்கலாம். ஏறக்குறைய முழு ஈயத்தையும் மீட்டுவிடலாம். ஆனால் முறையற்ற இடங்களில் பெட்டியைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த வெளியில் ஈயத்தை உருக்குகிறார்கள். அத்தூள் மண்ணில் படிந்து, குழந்தைகளின் கைவழியே வாய்க்குச் செல்கிறது. ஆப்பிரிக்காவில் செனெகல் நாட்டின் டக்கார் நகரை அடுத்த தியாரோய் என்ற இடத்தில் மக்கள் இப்படித்தான் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுத்துவந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். இறவாத குழந்தைகளுக்கும் ஈயம் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. தீங்கற்ற ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டிலேயே பேட்டரி பற்றிய விதிகள் இயற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 2022இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை இவை உற்பத்தியாளரின் மேல் சுமத்துகின்றன. விதி அரசினுடையது, அதனை நிறைவேற்றும் கை நம்முடையது. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் தள்ளுபடி பெற்று, ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும். தெருவில் வருபவர் நூறு இருநூறு ரூபாய் கூடத் தருகிறார் என்று கொடுத்துவிட்டால், அந்த நூறு ரூபாய்க்கு யாருடைய பிள்ளை விலை கொடுக்கப்போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

புதிய வழிகள்

இப்போது லித்தியம் பேட்டரிகள் வீடுகளுக்கும் வந்துள்ளன. இவ்வகையை உருவாக்கிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவை எடை குறைந்தவை; நீர் ஊற்ற வேண்டியதில்லை; நெடுங்காலம் உழைப்பவை. விலை மட்டும் ஈய பேட்டரியைவிட மிகுதி. 2019இல் தில்லி ரோகிணியில் 10 மெகாவாட் ஆற்றலுள்ள பெரிய சேமக்கல நிலையம் ஒன்று மின்தொகுப்போடு இணைக்கப்பட்டது. வீட்டளவில் இருந்த உண்டியல் இப்போது ஊரளவுக்கு வளர்கிறது.

மாடியில் சூரிய ஒளித் தகடுகள் அமைப்போர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. மின்தொகுப்போடு மட்டும் இணைந்த தகடுகள், தெருவில் மின்சாரம் நின்றதும் தாமும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் தொழிலாளியைக் காக்கவே இந்த ஏற்பாடு. வெயில் காய்ந்தும் வீட்டில் மின்விசிறி சுழலவில்லையே என்று வருந்தாமலிருக்க, அதற்கேற்ற இன்வர்ட்டரும் பேட்டரியும் சேர்த்தே அமைக்க வேண்டும். அப்படி அமைத்துவிட்டால் நெடிய இருளிலும் பகல்தோறும் பேட்டரி நிரம்பும்.

முடிவாக

மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியர் உவமையை நாம் நன்கு அறிவோம். விளக்கோடு எண்ணெயும் எடுத்துச் சென்ற ஐவரை ஆண்டவர் முன்மதியுள்ளவர்கள் என்றார். இருள் வருமுன் ஆயத்தமாவது அறிவுடைமை. ஆனால் அயலாரின் மூச்சைக் கெடுக்காமலும், தொழிலாளியின் உயிருக்கு உலைவைக்காமலும், ஏழைக் குழந்தையின் மண்ணில் நஞ்சு கலக்காமலும் நம் விளக்கை ஏற்றிக்கொள்வதே முழுமையான அறிவுடைமை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இவ்வுலகை நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று அழைத்ததை இங்கே நினைவுகூர்வோம்.

எனவே, அன்பு மாணவியரே, இவ்விடுமுறையில் ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டு விளக்குகள், விசிறிகளின் வாட் அளவைக் குறித்துக் கூட்டிப் பார்ப்போம். பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் உண்டா என்று கவனிப்போம். பழைய பேட்டரி எங்கே போயிற்று என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்போம். அந்த ஒரு கேள்வி, நாம் கண்டிராத ஒரு குழந்தையைக் காக்கக்கூடும்.